இல்லாத மரத்துக்கு இரண்டு முழம்

அந்த வியாழக்கிழமை பம்பாயில் பெய்ததை மழை என்று சொன்னால் மழைக்கே கோபம் வரும். வானத்தில் எவனோ குழாயைத் திறந்துவிட்டு, சாவியை அரபிக் கடலில் எறிந்துவிட்டான். மாதுங்கா ஸ்டேஷன் வாசலில் ஒரு டாக்ஸி தானாக மிதந்து போய் தாதரில் சவாரி ஏற்றியதாகச் சத்தியம் செய்யக்கூடியவர்கள் மூன்று பேர் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள். வருஷம் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தாறு. மறுநாள் வரலட்சுமி நோன்பு.

அந்த மழையில், காலை ஒன்பது மணிக்கு, பூக்கூடையோடு ஒருத்தி மாடிப்படி ஏறி வந்து நின்றாள்.

கதவைத் திறந்த தங்கமயில் கூடையைப் பார்த்தாள். "பூ வேண்டாம்க்கா. எங்க அண்ணாச்சிக்கு முடி இல்ல, எனக்குப் புருசன் இல்ல. இந்த வீட்டுல பூவுக்கு வேலையே கிடையாது."

தங்கமயில் தாராவித் தோல் கிடங்கில் எட்டு வருஷம் பட்டை இடித்தவள். இடித்த கை இன்னும் சிவப்பு. இடித்த வாய் அதைவிடச் சிவப்பு. அவள் அண்ணாச்சி என்று சொன்னது துப்பறியும் பிரம்மநாயகத்தை. இன்ஷூரன்ஸ் கம்பெனியில் இருபது வருஷம், செத்தவன் நிஜமாகவே செத்தானா என்று வீடு வீடாகப் போய்ப் பார்த்து வந்த மனிதர். அதில் உயிர் பிழைத்துக்கொண்ட பிணங்கள் பதினொன்று. பொடி போட்டுப் போட்டு அவருடைய மூக்கு எப்போதோ இறந்துவிட்டது. அதற்கு மட்டும் க்ளெய்ம் போடவில்லை. ஆகவே மோப்பம் பிடிப்பது முழுக்கத் தங்கமயிலின் இலாகா.

"பூ விக்க வரல, தாயி," என்றாள் வந்தவள். "எம் புருசன நேத்து ஓடையில நிப்பாட்டி வெச்சாவ. தண்ணி தாடைக்கு வார வரைக்கும்."

பிரம்மநாயகம் பேப்பரை மடித்தார். "உக்காரும்மா. முதல்லேருந்து சொல்லு."

பெயர் ஆறுமுகத்தாய். மாதுங்காக் கடைத்தெருவில் பூ கட்டி விற்பவள். புருஷன் சுடலை, மரக் காவல்காரன். கோவண்டிக்கு அப்பால், கடல் தண்ணீர் ஏறி இறங்கும் ஓடைக்கரையில் சர்க்கார் நிலம். அதில் சுரபுன்னைக் காடு. அந்த மரத்துப் பட்டையை ஊறவைத்த தண்ணீரில்தான் தோல் பதப்படும். மரம் சாகாமல் எத்தனை பட்டை உரிக்கலாம் என்று கண்டுபிடிக்க மூன்று தரப்பார் சேர்ந்து கூட்டு ஆராய்ச்சி. நிலம் வன ஆபீஸுடையது. பட்டை சோதிப்பது தாராவித் தோல் வியாபாரிகள். மூளை, மாதுங்காவில் ஒரு கல்லூரியில் பேராசிரியராக இருக்கும் வைத்தீஸ்வரனுடையது.

நாற்பது மரங்களைத் தொடாமல் வளரவிட்டு, மாதாமாதம் சுற்றளவு எடுக்கவேண்டும். சுடலைக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அதற்கும் மூளை ஒரு வழி சொன்னது. ஒவ்வொரு மரத்தையும் நெஞ்சு உயரத்தில் ஒரு கயிற்றால் சுற்று. முனை சேரும் இடத்தில் அறு. நாற்பது கயிற்றையும் வரிசையாக ஒரு கம்பியில் கோத்துக் கொண்டுவா. கயிறு நீண்டால் மரம் பருத்திருக்கிறது.

"நேத்து அந்தக் காலேஜு ஐயா ஜீப்புல வந்தாவ," என்றாள் ஆறுமுகத்தாய். "ரோட்டுல நின்னு பாத்தா நாப்பதுல ஒரு மரங்கூட இல்ல. போன மாசம் கயிறு வந்திருக்கு, அப்ப இந்த மாசந்தான் வெட்டி வித்திருக்கான்னு சொல்லி, இவர ஓடையில இறக்கிட்டாவ. 'யாருகிட்ட வித்தேன்னு ஞாபகம் வர்ற வரைக்கும் நில்லு'ன்னு குடையப் பிடிச்சிட்டுக் கரையில நின்னாவ. தண்ணி ஏறிட்டே வருது. இவருக்கு நீச்சத் தெரியாது."

"அப்புறம்?"

"தாடைக்கு வந்ததும் வன ஆபீஸு கார்டு ரெண்டு பேரு பயந்துபோய் இழுத்துப் போட்டாவ. ஐயா வாட்சப் பாத்து, 'நாற்பது நிமிஷந்தான் தாங்கறான்'னாவ."

தங்கமயில் கேலியை விட்டுவிட்டு, ஆறுமுகத்தாய்க்குத் தலை துவட்டத் துண்டு எடுத்துக் கொடுத்தாள். அது பெரிய சங்கதி.

"இப்ப செம்பூர் மரக்கிடங்குல பூட்டி வெச்சிருக்காவ. இன்னிக்கு நாலு மணிக்குப் போலீஸு வருது. ஐயா கையெழுத்துப் போட்டா ஆறு மாசம் உள்ளயாம்."

"உம் புருசன் மரத்த வெட்டினாரா?" என்றாள் தங்கமயில்.

"எம் பிள்ளைங்க மேல சத்தியமா இல்ல."

"போன மாசக் கயிறு அவரு குடுத்ததுதானே?"

ஆறுமுகத்தாய் கூடைக்குள் பார்த்தாள். "கயிறு குடுத்தாச்சு," என்றாள். சத்தியம் மறுபடி வரவில்லை.

*

பேராசிரியர் வைத்தீஸ்வரனின் அறையில் காற்றாடியைத் தவிர எல்லாமே அளவோடு இருந்தன. பென்சில்கள் உயரவாரியாக நின்றன. அவரும் அப்படித்தான்: டெரிலின் பேண்ட், மடிப்பு கலையாத முகம். சுடலைக்காக வந்திருக்கிறோம் என்றதும் கோபப்படவில்லை. சந்தோஷப்பட்டார்.

"பேஷ். அவன் எதைத் திருடியிருக்கான்னு நீங்களும் தெரிஞ்சுக்கணும். இப்படி வாங்கோ."

சுவரில் ஒரு வரைபடம். ஒரு கோடு படிப்படியாக ஏறி, நாலு இடத்தில் மட்டும் பள்ளத்தில் விழுந்து எழுந்தது.

"மரம் பருக்கும். எல்லாருக்கும் தெரியும். ஆனா சுருங்கும்னு யாருக்காவது தெரியுமோ? போன வருஷம் ஆகஸ்டிலே சுருங்கறது. அக்டோபரிலே சுருங்கறது. ஜனவரியிலே, ஏப்ரலிலே சுருங்கறது. நாற்பது மரமும் ஒண்ணா! உப்பு ஏறி இறங்கறதுனாலேன்னு நிரூபிச்சிருக்கேன். சுருக்க விதின்னு பேர் வச்சிருக்கேன். அடுத்த மாசம் டில்லி மாநாட்டிலே படிக்கப் போறேன்."

"அதுக்கு முந்தியும் மரம் இப்படிச் சுருங்கிச்சா ஐயா?" என்றார் பிரம்மநாயகம்.

"முதல் வருஷம் வெறுமனே வளர்ந்தது. போன ஜூனுக்கப்புறந்தான் புத்தி வந்து சுருங்க ஆரம்பிச்சது."

"நேத்துக்கு முந்தி எப்பவாச்சும் மரத்தப் போயிப் பாத்தீகளா?"

"நான் எதுக்குப் போகணும்? அளவுதான் வரதே! ஆராய்ச்சிங்கறது சேத்துலே இறங்கறது இல்லே, ஓய்."

அலமாரியில் கயிற்றுக் கொத்துகள் மாதவாரியாகத் தொங்கின. பிரம்மநாயகம் வரைபடத்தின் முன்னால் பேராசிரியரைப் பேசவிட்டுக்கொண்டே நிற்க, தங்கமயில் அலமாரிப் பக்கம் ஒதுங்கினாள். இரண்டு வருஷத்துக்கு முந்திய கொத்தில் ஒரு கயிற்றை எடுத்தாள். அவள் கையைப் போலவே சிவப்பு, பட்டைக் கறை. நுனியை நாக்கில் வைத்தாள். கரித்தது. பட்டையும் உப்பும் சேர்ந்த கோவண்டிக் கரிப்பு.

போன மாசத்துக் கொத்து. வெள்ளை வெளேர் என்றிருந்தது. நக்கினாள். உப்பும் இல்லை, துவர்ப்பும் இல்லை.

"அங்கே என்ன பண்றா அந்தப் பொம்மனாட்டி?"

"பசிங்கய்யா," என்றாள் தங்கமயில். "காலைல சாப்பிடல."

படி இறங்கும்போது சொன்னாள்: "பழசு ஓடையப் பாத்த கயிறு. போன ஜூனுக்கப்புறம் வந்தது ஒண்ணுகூட ஓடையப் பாக்கல அண்ணாச்சி. என்னமோ ஒரு வாசம் வேற வருது. பழகின வாசம். பேரு நாக்குலயே நிக்குது, வெளிய வர மாட்டேங்கு."

"உன் நாக்குல ஒண்ணு நிக்குதுன்னா அது அபூர்வம். பத்திரமா வெச்சிக்கோ."

*

குர்லாவில் வண்டி மாறி கோவண்டியில் இறங்கினார்கள். தண்ணீர் வற்றிய நேரம். ஓடைச் சேறு முழங்காலைப் பிடித்துக் குசலம் விசாரித்து, செருப்பை வாங்கிக்கொண்டுதான் விட்டது. பிரம்மநாயகம் வேட்டியைத் தூக்கிக் கட்டிய உயரத்தை இங்கே எழுதுவதற்கில்லை.

நாற்பது கட்டைகள், சேற்றுக்கு மேல் ஒரு சாண் உயரத்தில். தங்கமயில் முதல் கட்டையைத் தடவிப் பார்த்துவிட்டு நிமிர்ந்தாள்.

"அண்ணாச்சி, வெட்டின வாயில சிப்பி ஒட்டியிருக்கு. என் பெருவிரல் அகலம். இது இந்த மாசம் வெட்டினதா? இந்தச் சிப்பிக்குப் பேரன் பேத்தியே எடுத்தாச்சு!"

"ஒரு வருஷம் இருக்குமா?"

"மேலயே இருக்கும்."

கரையில் ஒரு விறகுக் கடை. கடைக்காரர் உதுமான், காயல்பட்டினத்துக்காரர், மழைக்கு ஒதுங்கியவர்களுக்குச் சாயா போட்டுக் கொடுக்கிற ரகம். பிரம்மநாயகம் இரண்டு மிடறு குடித்துவிட்டு, அந்த நாற்பது மரம் யார் வெட்டினது தெரியுமா என்று மெதுவாக நூல் விட்டார்.

"நாந்தான்," என்றார் உதுமான் சிரித்துக்கொண்டே. "ஏன் கேக்குறீங்க?"

பிரம்மநாயகத்துக்கு இருபது வருஷத்தில் இத்தனை சுலபமாக யாரும் ஒப்புக்கொண்டதில்லை. சாயா மூக்கில் ஏறிற்று.

"போன வருஷம் ஜூன்ல அதே வன ஆபீஸ்லதான் ஏலம் விட்டாங்க. ஒரு மேஜையில ஆராய்ச்சி, அடுத்த மேஜையில ஏலம்! நமக்கென்ன? மூணு தரப்புக் கையெழுத்தோட சீட்டு குடுத்தாங்க. வெட்டினேன், வித்தேன், கோவண்டி பூரா அடுப்பு எரிஞ்சுது." பெட்டியைத் திறந்து, மடித்த தாள் ஒன்றை எடுத்து நீட்டினார். "திருப்பித் தந்துருங்க. சர்க்கார் சீட்டு. நாளைக்கு எவனாவது களவுன்னு சொன்னா என் கழுத்துதான் போவும்."

பிரம்மநாயகம் படித்தார். கடைசி வரிக்கு வந்ததும் அவருடைய தொப்பை குலுங்கியது. ஏன் என்று சொல்லாமல் மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

ஸ்டேஷனுக்கு நடக்கும்போது தங்கமயில் கேட்டாள்: "களவே இல்லன்னு ஆயிட்டு. சுடலை தப்பிச்சாரு. பின்ன ஏன் மூஞ்சி இப்படி இருக்கு?"

"யோசி, மயிலு. மரம் போயி பதினாலு மாசம். கயிறு மாசாமாசம் வந்திருக்கு. இந்தச் சீட்ட நீட்டினா களவு போயிரும். ஆனா இல்லாத மரத்துக்கு அளவு குடுத்தான்னு வெளிச்சமாயிரும். சர்க்கார் வேலையில இருந்துகிட்டு சர்க்காரையே ஏமாத்தினதுக்கு அந்தக் காலேஜு ஆளு ஆறு மாசம் இல்ல, ரெண்டு வருஷம் உள்ள வெப்பான். அவன் முழிச்ச முழி அப்படி."

"அப்ப நாம அவரக் காப்பாத்தினா இன்னும் நாலு மடங்கு மாட்டுவாரு?"

"கிட்டத்தட்ட."

"நல்ல துப்பு. துப்பிட்டு வீட்டுக்குப் போயிருவோமா?"

*

மணி மூன்றரை. செம்பூர் மரக்கிடங்கின் இரும்புக் கதவுக்கு வெளியே ஆறுமுகத்தாய் உட்கார்ந்திருந்தாள். உள்ளே புருஷன், வெளியே நோன்புக்கு முந்தின நாள். பூ வாடினால் அதையும் வாங்க ஆள் இல்லை. ஆகவே கண்ணைத் துடைக்கிற கையாலேயே பூவும் அளந்துகொண்டிருந்தாள்.

எதிரே குடையோடு நின்றவர் செம்பூரில் பத்து வீட்டுக் கொலுவுக்கு அதிகாரி என்று சொல்லத்தக்க பார்வதியம்மாள். "ரெண்டு முழம் மல்லி குடு."

ஆறுமுகத்தாய் சரத்தின் நுனியை விரலால் பிடித்து முழங்கை வரை இழுத்தாள். ஒன்று. இன்னொரு தடவை. இரண்டு. அறுத்தாள்.

பார்வதியம்மாள் சரத்தைத் தன் கையில் வைத்துப் பார்த்தார். குரல் செம்பூரிலிருந்து சயான் வரை கேட்டது. "ஏண்டிம்மா, இது ரெண்டு முழமா? போன வாரம் இதே கைதானே அளந்தது? நோன்பு வந்துட்டா உன் முழங்கை எங்கேடி போறது? பண்டிகைன்னா சுருங்கிடறதே!"

தங்கமயில் ஸ்தம்பித்து நின்றாள். நாக்கில் காலையிலிருந்து நின்றுகொண்டிருந்த வாசனை சட்டென்று இறங்கி வந்தது. காய்ந்த மல்லி.

"அண்ணாச்சி," என்றாள் மெல்ல. "சுருக்க விதி."

பிரம்மநாயகம் பொடி டப்பாவைத் திறந்தவர் அப்படியே நின்றார்.

"ஆகஸ்ட்டு, வரலட்சுமி நோன்பு. அக்டோபரு, தீபாவளி. ஜனவரி, பொங்கல். ஏப்ரல், பங்குனி உத்திரம். பூ விலை ஏறுதப்பல்லாம் மரம் சுருங்குது!"

பார்வதியம்மாள் போனதும் தங்கமயில் கூடைக்கு எதிரே குந்தி உட்கார்ந்தாள். "யக்கா. அந்தக் கயிறு உன் கைதானே?"

ஆறுமுகத்தாய் மறைக்கவில்லை. "நா என்ன செய்ய? ஒண்ணாம் மரம் ரெண்டு முழம் நாலு விரல், ரெண்டாம் மரம் ஒண்ணே முக்கா முழம்னு இவரு மனப்பாடமாச் சொல்லுவாரு. மாசம் ஒரு நெல்லளவு கூட்டிப் போடும்பாரு. பூநாரு கூடையிலயே அளந்து வெட்டுவேன். நா நியாயமாத்தான் கூட்டினேன்."

"பண்டிகை மாசத்துலயும்?"

"அப்பமும் நியாயமாத்தான்!" என்றாள் ஆறுமுகத்தாய் நிஜமாகவே கோபத்தோடு.

பாவம், பத்து வருஷமாகப் பூ அளந்த கை. பண்டிகை வந்தால் விரல் தானாக உள்ளே மடங்கும் என்று அந்தக் கை அவளிடம் சொன்னதே இல்லை.

*

கிடங்குக்குள் சுடலை ஒரு மரக்குற்றியின்மேல் உட்கார்ந்திருந்தான். வேட்டியில் நேற்றைய சேறு காய்ந்து ஓடாக நின்றது. அடி வாங்கிய கன்னம் ஒரு பக்கம் வீங்கி, கண்ணை மூடிவிட்டிருந்தது. பேராசிரியர் எதிரே மேஜையை ஒட்டிய நாற்காலியில், மடியில் புகார்த் தாள், பேனா தயார். ஆறுமுகத்தாயைப் பார்த்ததும் சுடலை எழுந்தான். "உக்காருடா," என்றார் பேராசிரியர். உட்கார்ந்தான்.

பிரம்மநாயகம் சிப்பியைச் சொன்னார், உதுமானைச் சொன்னார். ஏலச் சீட்டை மடித்தபடியே காட்டினார். "களவு நடக்கவே இல்லீங்க ஐயா. மரம் போயி பதினாலு மாசம் ஆச்சு."

"நான்சென்ஸ். போன மாசம் வரைக்கும் அளவு வந்திருக்கே!"

தங்கமயில் ஆறுமுகத்தாயின் கூடையிலிருந்து பூநாரை எடுத்து அவள் கையில் கொடுத்தாள். "யக்கா, ஒண்ணாம் மரம்."

பழக்கம் யாரைக் கேட்கிறது? ஆறுமுகத்தாயின் கை தானாக முழம் போட்டது. தங்கமயில் அதை அறுத்து, பேராசிரியர் மேஜையிலிருந்த ஸ்கேலின்மேல் வைத்தாள். பிறகு, "இப்ப நோன்பு இல்லன்னு நெனச்சுக்கோ. இது எனக்கு. இனாம்," என்றாள். மறுபடி முழம். இரண்டு நாரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். முதல் நார் இரண்டு விரல் குட்டை.

"உங்க விதி, ஐயா," என்றாள் தங்கமயில். "வாடாம இருக்கப்பவே பாத்துக்கோங்க."

வைத்தீஸ்வரனின் மடிப்பு கலையாத முகத்தில் முதல் தடவையாக ஒரு மடிப்பு விழுந்தது.  சிலர் அடிபட்டால் குனிவார்கள். அவர் நிமிர்ந்தார். புகார்த் தாளைத் திருப்பிப் போட்டு, பேனா மூடியைக் கழற்றினார்.

"சரி. திருட்டு இல்லே. மோசடி. புருஷன், பெண்டாட்டி, ரெண்டு பேர். ரெண்டு வருஷம்." எழுத ஆரம்பித்தார். "உன் பேரென்னடி? முழுசாச் சொல்லு."

"ஐயா, நாந்தான் மரத்த வெட்டினேன்," என்றான் சுடலை.

எல்லோரும் திரும்பினார்கள்.

"நாந்தான் வெட்டினேன். வித்தேன். ஆறு மாசம் போயிட்டு வாரேன். அவ பேர எழுதாதீங்கய்யா. வீட்டுல ரெண்டு கெடக்கு."

பேராசிரியர் பேனாவை நிறுத்தினார். உதட்டில் ஒரு சிரிப்பு ஊர்ந்து வந்தது. "இப்ப ஞாபகம் வந்துதா? பேஷ். அப்படின்னா கயிறெல்லாம் நிஜம். மரம் இந்த மாசந்தான் போச்சு. விதியும் நிஜம். அதுதான் எல்லாருக்கும் சௌகரியம்."

தங்கமயிலின் கை மேஜையிலிருந்த ஸ்கேலை நோக்கிப் போயிற்று. அதை எதற்கு எடுக்கப் போனாள் என்பது அவளுக்கே வெளிச்சம். பிரம்மநாயகம் அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, "சுடலை," என்றார். "மரம் போன அன்னிக்கு யாருகிட்டயாவது சொன்னியா?"

"ஐயாகிட்டத்தான் சொன்னேன்."

"என்ன சொன்னே?"

"போன வருசம், மழைக்கு முந்தி. காலேஜுக்குப் போயி, 'ஐயா, மரம் இல்லய்யா'ன்னேன். ஐயா எழுதிட்டே இருந்தாவ. தலையத் தூக்கல. 'கதை வேண்டாம். கயிறு கொண்டா. கயிறு இல்லாம இங்க வந்தா வேலை இல்லே'ன்னாவ." சுடலை வீங்காத கண்ணால் தரையைப் பார்த்தான். "கயிறுதானேன்னு கொண்டாந்தேன்."

பிரம்மநாயகம் தங்கமயிலின் மணிக்கட்டை விட்டார்.

"அவன் சொல்றதுக்குச் சாட்சி?" என்றார் பேராசிரியர்.

"இல்லீங்க," என்றார் பிரம்மநாயகம் மிகுந்த பணிவோடு. "இதுக்கு இருக்கு." மடித்திருந்த ஏலச் சீட்டை இப்போதுதான் விரித்தார். "கூட்டு ஆராய்ச்சி நிலமாச்சே, மூணு தரப்பும் சம்மதிச்சாத்தான் ஏலம். வன ஆபீஸ் கையெழுத்து. தோல் வியாபாரிங்க கையெழுத்து. மூணாவது... எனக்குக் கண்ணு சரியில்ல. மயிலு, படி."

தங்கமயில் எழுத்துக்கூட்டிப் படித்தாள். "நாற்பது மரங்களை வெட்ட ஆட்சேபணை இல்லை. வைத்... தீஸ்... வரன்."

பேராசிரியர் தாளைப் பிடுங்கினார். அவருடைய கையெழுத்துதான். அழகான, அளவான கையெழுத்து. கட்டோடு வந்த காகிதங்களில் ஒன்று. கட்டோடு போட்ட கையெழுத்துகளில் ஒன்று.

"கிழிக்கலாம்னு தோணும்," என்றார் பிரம்மநாயகம். "ஏல ஆபீஸ்ல நகல் இருக்கு. கோர்ட்டுல முதல்ல அதத்தான் கேப்பாங்க. மரத்த வெட்டச் சொன்னது நீங்க. இல்லாத மரத்துக்குக் கயிறு கேட்டது நீங்க. டில்லியில அது சுருங்குதுன்னு படிக்கப் போறதும் நீங்க. இதோ, வெளிய போலீஸ் வண்டி வந்தாச்சு. ஐயா கையெழுத்துப் போடுறீகளா?"

வைத்தீஸ்வரன் புகார்த் தாளை நாலாகக் கிழித்தார். பிறகு எட்டாக. எட்டும் ஒரே அளவு. வெளியே போய், ஒன்றும் இல்லை, தப்பபிப்பிராயம் என்று போலீஸ் ஜமேதாரிடம் சொல்லி அனுப்பிவிட்டு வந்தபோது அவருடைய சட்டை முதுகில் ஒட்டியிருந்தது.

"சுடலை போகலாம்," என்றார். அப்புறம், குரலை இறக்கி, முதல் தடவையாக அவளை மரியாதையாகக் கூப்பிட்டார்: "அம்மா. டில்லி மாநாடு வரைக்கும்... வெளியிலே யாருக்கும் தெரியாம... கயிறு மட்டும்..."

ஆறுமுகத்தாய் புருஷனின் வீங்கிய கன்னத்தைத் தொட்டுக்கொண்டிருந்தாள். கையை எடுத்துக் கூடையை இடுப்பில் வைத்தாள். மாதுங்காவில் பேரம் பேசும்போது அவள் முகம் எப்படி இருக்குமோ அப்படி ஆயிற்று.

"வெளிய சொல்ல மாட்டோம். ஆனா இனி கயிறு நா கட்ட மாட்டேன்," என்றாள். "எனக்குக் கை சுருங்குதாமே. ஐயாவே கட்டட்டும். மாசாமாசம். நாப்பதுக்கும். ஓடையிலயே இறங்கி நின்னு."

"அங்கேதான் மரமே இல்லையே!"

"இவரு நிக்கும்போதும் இல்ல."

"எப்ப இறங்கணும்?"

"தண்ணி ஏறுதப்ப," என்றாள் ஆறுமுகத்தாய்.

தாதர் போகும் பஸ்ஸில் தங்கமயில் கேட்டாள்: "அப்ப டில்லியில போயி அந்தப் பொய்ய ஊரறியப் படிப்பாரா அண்ணாச்சி?"

"படிக்கட்டும். அங்கயும் எவனும் மரத்தப் போயிப் பாக்கப் போறதில்ல."

*

அடுத்த மாதம், புரட்டாசியில் ஒரு நாள் மத்தியானம், உதுமானின் விறகுக் கடை வாசலில் கோவண்டியே கூடிவிட்டது. பாதிப் பேருக்கு என்ன நடக்கிறதென்று தெரியாது. மீதிப் பேருக்குத் தெரியவேண்டிய அவசியமே இல்லை. உதுமான் அறுபது சாயா போட்டார். நூற்றைம்பது என்று அவரே பிற்பாடு சொன்னார்.

ஓடைக்குள் பேராசிரியர் வைத்தீஸ்வரன். டெரிலின் பேண்ட்டை முழங்காலுக்கு மேல் சுருட்டி, வாயில் கயிற்றுக் கண்டைக் கவ்விக்கொண்டு, தண்ணீருக்கடியில் காலால் கட்டையைத் தடவித் தேடி, கிடைத்ததும் அதற்கு மேலே வெறும் காற்றைச் சுற்றி நெஞ்சு உயரத்தில் கயிறு போட்டு அறுத்தார். பக்கத்தில் நிற்கிற யாரையோ கட்டித் தழுவுகிறாற்போல் இருந்தது. முதல் மரத்துக்கு முழங்காலில் இருந்த தண்ணீர் நாலாவதற்கு இடுப்பில். ஏழாவதற்கு மார்பில்.

கரையில் சுடலை நின்றான். கன்னம் ஆறிவிட்டது. கையில் பேராசிரியரின் குடை. பக்கத்தில் ஆறுமுகத்தாய், கூடையில் கை ஓயாமல். மறுவாரம் நவராத்திரி.

தங்கமயில் சிரிக்கத்தான் வந்திருந்தாள். முதல் நாலு மரத்துக்கு வயிறு வலிக்கச் சிரித்தாள். ஏழாவது மரத்தில் சாயாக் கிளாஸைக் கீழே வைத்தாள்.

"அண்ணாச்சி, போதும்னு சொல்லலாமா?"

பிரம்மநாயகம் பொடி டப்பாவைத் தட்டினார். "நம்ம கேஸ் முடிஞ்சுட்டுது மயிலு. இது அவங்க கேஸ்."

தண்ணீர் கழுத்துக்கு ஏறியது. பேராசிரியர் தலையைத் தூக்கி, வாயிலிருந்த கயிற்றைத் துப்பிவிட்டுக் கத்தினார். "சுடலை! நேக்கு நீச்சல் தெரியாது!"

"எனக்கும் தெரியாதுங்கய்யா," என்றான் சுடலை. குடையை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றிக்கொண்டான். "அடுத்தது எட்டாவது மரம்."